எண் இல்லாத ஆண்டு

தார்த்துவில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே, பனியாக வேண்டிய மழை.
லீலோ திரையில் முப்பத்தொரு குளிர்காலங்களுக்குப்
புள்ளி வைக்கிறாள்.
படுக்கைக் கோட்டில் ஆண்டு,
நிமிர்ந்த கோட்டில் பெய்ப்சி ஏரிமேல்
பனிக்கட்டியின் கனம், சென்டிமீட்டரில்.

எது எந்த அளவு என்று அமைச்சகத்தார் கேட்பார்கள்.
ஆகவே ஒரு கட்டளை:
ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் அதன் மதிப்பை எழுது.

எழுதியது.
41.33333.
மூன்று துளைகளின் சராசரி.
பனியை இலட்சத்தில் ஒரு பங்குவரை
அளந்தவர் எவருமில்லை என்று
மென்பொருளுக்கு யார் சொல்வது?
தசமத்தை வெட்டினாள்.
நாற்பத்தொன்று மூச்சு விட்டது.

பிறகு எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.
இந்த மென்பொருளுக்குத் திசையைக்
கடிகாரத்தால் சொல்ல வேண்டும்:
இதற்கு மூன்று மணி, அதற்கு ஒன்பது,
நெருக்கியடிக்கும் இந்த இரண்டில்
ஒன்று பன்னிரண்டு, மற்றது ஆறு.
மதியம் முழுதும் இப்படிக்
குளிர்காலங்களுக்கு மணி பார்த்தாள்.

தவறு நேர்ந்தது நாலரைக்கு.
'அளவு' என்று தட்ட வேண்டிய இடத்தில்
கை 'குறிப்பு' என்று தட்டிவிட்டது.
படம் எண்களை உதறிவிட்டுப் பேசத் தொடங்கியது.

"துளைக்கருவி மழுங்கல். கோடரியால் செய்தேன்."
"நாயும் வந்தது."
"கோலில் கோடுகள் அழிந்துவிட்டன. புதுக் கோல் அனுப்பவும்."
அடுத்த ஆண்டு: "புதுக் கோல்."
அதற்கடுத்தது: "நானே செதுக்கிக்கொண்டேன்."
தொண்ணூற்றாறில், ஏழு மணித் திசையில்:
"இன்று யெஃபீமை அடக்கம் செய்தோம். அளவு சரியானதே."

கோல்க்யா ஊர் வாஸ்ஸா.
கோடையில் வெங்காயம் போடுகிறவள்,
குளிரில் கோப்பின் ஓரத்தில் ஒற்றை எழுத்துக் கையொப்பம்.
லீலோ அவளைப் பார்த்ததில்லை.

ராய்வோ எட்டிப் பார்த்தார்.
"என்ன இது, எறும்புப் புற்று?
மூன்றுக்கு மட்டும் எழுது.
மிகத் தடித்தது, மிக மெலிந்தது, கடைசி."
நியாயம்தான். நிபந்தனை ஒரு வரி.

மிக மெலிந்ததைத் தேடப் போனவள்
அப்போதுதான் எண்ணினாள்:
கோப்பில் முப்பத்துநான்கு ஆண்டுகள்,
படத்தில் முப்பத்தொன்று.

எண் கிடைக்காத கட்டத்தில்
மென்பொருள் இட்டுவைப்பது ஒரு புள்ளி.
படத்தில் புள்ளி ஆகாததற்குப்
பட்டியலில் அடையாளம் புள்ளி!
நம் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போகும், மெய் நிற்கும்.
அங்கே மெய்யும் போய்விடுகிறது.

அந்த மூன்று கட்டங்களின் பக்கத்தில்
வாஸ்ஸா மட்டும் நின்றாள்.
"ஏற முடியவில்லை. கரையிலிருந்து கல் எறிந்தேன். மூழ்கியது."
"இந்த முறையும் கல்."
"கல்."

ஆள் நிற்க முடியாத அளவு மெலிந்த குளிர்காலங்கள்
அளக்கப்படவில்லை என்று விலக்கப்பட,
போக்குக்கோடு பதறாமல்,
மாடிப்படியில் பிள்ளைத்தாய்ச்சி போல
இறங்கிக்கொண்டிருக்கிறது.

எண் இல்லாததற்கு உயரம் இல்லை.
உயரம் இல்லாததற்குப் படத்தில் இடம் இல்லை.
சுழியத்தில் வைக்கலாமா?
அது பொய். ஒரு மெல்லிய ஏடு இருந்தது;
அதை உடைத்த கல்லுக்குத் தெரியும்.

இருட்டிவிட்டது. மழை விடவில்லை.
லீலோ கட்டளையை விட்டுவிட்டு
ஆயங்களைக் கையாலேயே தட்டினாள்,
சட்டத்துக்கு வெளியே, கீழே,
அந்தந்த ஆண்டின் காலடியில்.
எழுத்தளவு ஆறு. அதற்குமேல் இடம் கொடுக்கவில்லை:

கல்.
கல்.
கல்.

காலையில் ராய்வோ திரையருகே குனிந்தார்.
"தூசி," என்று
சட்டைக்கையால் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
பிறகு கண்ணாடியைத் தேடினார்.